இரண்டு வீட்டுக்கு ஒரு படிக்கட்டு

போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்திருக்கும் பொறியாளர். கெட்டிக்காரி. "மேடம், எண்ணூர்ல நீங்க கட்டின தெருவைப் பாத்தேன். அதுல ரெண்டு வீட்டுக்கு மட்டும் நடுவுல ஒரே படிக்கட்டு இருக்கே, எதுக்கு? சிமென்ட் மிச்சம் பண்ணவா?" என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்குக் கோபம் வர அதிக நேரம் ஆகாது. ராயபுரத்துக்காரிக்கு அது கூடவே பிறந்தது என்பார் என் வீட்டுக்காரர். சிமென்ட் மிச்சமாம். அந்தப் படிக்கட்டு தின்ற சிமென்டில் ஒரு சமையலறை எழுப்பியிருக்கலாம். ஆனால் அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இப்போது எல்லாம் போட்டோவில் நடக்கிறது. அஸ்திவாரத்துக்கு ஒரு போட்டோ, கூரைக்கு ஒரு போட்டோ, போனில் ஏற்றினால் வீடு தேறிவிட்டது. போட்டோவில் படிக்கட்டு தெரியும், அதில் யாரைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள் என்பது தெரியாது. போனில் சொன்னால் பாதிதான் போய்ச் சேரும், எழுதித் தருகிறேன் என்றேன்.

என்னைப் பற்றி நாலு வரி போதும். அப்பா ரயில்வேயில் இருந்தார். பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்தேன். மாத்தூர் பக்கம் ஒரு கான்ட்ராக்டரிடம் சில வருடம் குப்பை கொட்டினேன். கம்பி கட்டுவதையும், கொத்தனார் சத்தம் போட்டால் பதிலுக்குச் சத்தம் போடுவதையும் அங்கே கற்றேன். பிறகு வெள்ளத்திலும் புயலிலும் வீடு போனவர்களுக்கு, அடுத்த வெள்ளத்தையும் புயலையும் தாங்குகிற மாதிரி வீடு கட்டித் தரும் ஓர் அறக்கட்டளையில் சேர்ந்தேன். ஓய்வு வரைக்கும் அங்கேதான்.

அங்கே எனக்கு மேலதிகாரி செல்வராஜ் சார். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். ஒல்லியான உடம்பு, மடித்துவிட்ட கால்சட்டை. பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும்தான் கேட்கும். எண்ணூரில் எல்லோரும் கத்திப் பேசுகிறவர்கள், இவரிடம் பேசும்போது அவர்களும் தானாகக் குரலைத் தணித்துக்கொள்வார்கள். லோடு மணல் வந்து இறங்கினால் முதலில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைப்பார். உப்புக் கரித்தால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார். கடற்கரை மணலைக் கலந்து கட்டிய வீட்டில் கம்பி உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து, கூரை ஒரு நாள் தலையில் விழும். லாரிக்காரர்கள் அவர் நாக்கைப் பார்த்துப் பயந்தார்கள். நானும் சில வருடம் மணல் தின்றேன்.

அவருடைய வழக்கம் ஒன்று இருந்தது. வெள்ளம் பட்ட ஒரு வீட்டுக்கு முதல் தடவை போகும்போது வீட்டைப் பற்றிப் பேசவே மாட்டார். டேப்பை வெளியே எடுக்க விடமாட்டார். தரையில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்பார். "அன்னைக்கு எங்க ஓடுனீங்க?"

பதில் சொன்னால் போதாது, நடந்து காட்ட வேண்டும். தண்ணீர் வந்த அன்று எந்த வாசல் வழியாக வெளியே வந்தார்கள், எங்கே திரும்பினார்கள், யார் யாரைத் தூக்கிக்கொண்டார்கள் எல்லாவற்றையும். அவரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடவே நடப்பார். "அவங்க வெறுங்காலோடதான ஓடியிருக்காங்க" என்பார். எனக்கு முதலில் இது எரிச்சலாக இருந்தது. கொளுத்துகிற வெயிலில், மீன் செதில் கிடக்கிற சந்தில், காலில் கண்ணாடி குத்த, இது என்ன ஊர்வலம் என்று நினைத்தேன். ஒரு நாள் ஒரு மீனவர் எங்களை மற்றவர்கள் ஓடி ஒதுங்கிய பள்ளிக்கூடத்துப் பக்கம் கூட்டிப் போகாமல் நேராக முகத்துவாரத்துக்குக் கூட்டிப் போனார். உயிர் தப்ப ஓடியவர் தண்ணீரைப் பார்த்தே ஓடியிருக்கிறார். படகு இன்ஜினைக் கழற்றி எடுத்து வரத்தான் போனாராம். "அது போனா சோறு ஏது சார்" என்றார். அவர் வீட்டுத் தூணில் ஆள் உயரத்துக்கு மேலே இன்ஜினை மாட்ட ஒரு கொக்கி வைத்துக் கட்டினோம். மழை எச்சரிக்கை வந்ததும் இன்ஜினை மாட்டிவிட்டு அவர் மாடிக்குப் போய்விடலாம். அதற்குப் பிறகு நான் செருப்பைக் கழற்றும்போது முணுமுணுக்கவில்லை.

இப்போது அந்த இரண்டு வீட்டுக்கு வருகிறேன்.

ஒன்று கன்னியம்மா வீடு. கருவாடு போட்டு, ராயபுரம் கல்மண்டபம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய் விற்கிறவள். புருஷன் இல்லை. கடலுக்குப் போகிற இரண்டு மகன்கள், சின்னச் சின்னப் பேரப்பிள்ளைகள். பக்கத்து வீடு ஸ்டெல்லாவுடையது. அவள் விடியற்காலையில் காசிமேட்டில் மீன் எடுத்துத் திருவொற்றியூர் மார்க்கெட்டில் விற்பவள். அவள் புருஷன் மைக்கேல் ஹார்பரில் கிரேன் ஓட்டியவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. ஆள் மலை மாதிரி. பேச்சு மட்டும் போகவில்லை.

ஒரு வருடம் வந்த பெரிய வெள்ளத்தில் இரண்டு வீடும் உட்கார்ந்துவிட்டன. கன்னியம்மாவிடம் சார் வழக்கமான கேள்வியைக் கேட்டார். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள். மகன்கள் அன்று படகைக் கட்டப் போயிருந்தார்களாம், இவள் இரண்டு பேரப்பிள்ளைகளையும் இடுப்புக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு வெளியே வந்திருக்கிறாள். நாலு எட்டு வைத்திருப்போம், ஸ்டெல்லா வீட்டு வாசலுக்கு நேராக நின்றுவிட்டாள். உள்ளே ஸ்டெல்லா இறால் உரித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"இங்கதான் சார்" என்றாள் கன்னியம்மா. "உள்ளேர்ந்து ஸ்டெல்லா கூப்புட்டுகினே இருந்துச்சு. யக்கா யக்கான்னு. ரெண்டு புள்ளிங்கோ இடுப்புல. தண்ணி இம்மாம் வந்துடுச்சு. நிக்கல. போய்ட்டேன்."

எனக்கு அங்கிருந்து எங்காவது போய்விடலாம் போல இருந்தது. சார் அவள் நின்ற நேரம் வரைக்கும் நின்றார். பிறகு, "அதுக்கப்புறம் எந்தப் பக்கம் திரும்புனீங்கம்மா?" என்று மட்டும் கேட்டார். அவள் கையைக் காட்டிவிட்டு நடந்தாள்.

திரும்பி வந்து ஸ்டெல்லாவிடம் அதே கேள்வி.

"நா ஓடல சார்" என்றாள். இறால் உரிப்பதை நிறுத்தவில்லை. "இந்தாள வுட்டுட்டு எங்க ஓடறது? கட்டிலத் தூக்கி மீன் பொட்டி மேல வச்சேன். அப்பால தண்ணி கட்டிலுக்கும் வந்துச்சு. தலைய மட்டும் மேல புடிச்சுகினு நின்னேன். சாயங்காலம்தான் ஆள ஏத்தறதுக்கு போட்டு வந்துச்சு."

கட்டிலில் இருந்து மைக்கேல் சொன்னார், "ஹார்பர்ல எத்தினி கண்டெய்னர் தூக்கிக்கிறேன் நானு. என்னத் தூக்கறதுக்கு ஒரு நாய் வரல." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஸ்டெல்லா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அன்று அலுவலகம் திரும்பும் வழியில் சார் நோட்டில் இரண்டு வீட்டையும் வரைந்து வரைந்து அடித்துக்கொண்டே வந்தார். எங்களிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. பீடத்தை வெள்ளம் நின்ற கோட்டுக்கு மேலே ஒரு முழம் உயர்த்துவோம். வீட்டைச் சுற்றி அடியில், ஜன்னலுக்கு மேலே, கூரைக்குக் கீழே என்று கம்பி போட்ட கான்கிரீட் பட்டை மூன்று இடத்தில் ஓடும், குழந்தைக்கு அரைஞாண் கட்டுகிற மாதிரி. சுவர் விரிந்து விழாது. அதற்கும் மேலே தண்ணீர் வந்தால் மொட்டை மாடிக்குப் போக வெளிப்பக்கமாகப் படி. இதெல்லாம் ஓடுகிறவர்களுக்குச் சரி. ஓட முடியாதவரை அந்தப் படியில் எப்படி ஏற்றுவது? ஸ்டெல்லாவின் இடம் கைக்குட்டை அளவு. அதில் வைத்தால் வளைந்து வளைந்து போகிற ஒல்லிப் படிதான் வரும். அடுத்த வெள்ளத்திலும் அவள் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

மாதா கோயில் திருவிழாவுக்குச் சப்பரம் தூக்குகிற பையன்கள் அந்தத் தெருவில் உண்டு. நான்கு கொம்பு, நான்கு தோள், நடுவில் மாதா. மைக்கேலையும் அப்படித்தான் தூக்கி ஏற்ற வேண்டும். சார் கோயில் நிர்வாகத்தில் கேட்டு வெறும் சப்பரத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வாங்கி வந்தார். தெருவே கூடிவிட்டது. "இன்னா ரோசிக்கா, மாதா இல்லாம சப்பரம்?" என்று ஒருத்தன் கேட்டான். தள்ளி நில்லுடா என்றேன். சுண்ணாம்பால் தரையில் படிகளை வரைந்திருந்தோம். ஸ்டெல்லா பக்கத்தில் சப்பரம் திரும்பவில்லை, கொம்பு சுவரில் இடித்தது. கன்னியம்மா பக்கத்திலும் அதே கதை. இரண்டு இடத்துக்கும் நடுவில் ஓலைத்தட்டி வேலி ஒன்று இருந்தது. அதன் மேல் மட்டும் நேராக, அகலமாக ஒரு படி வைக்கலாம். ஆளுக்குக் கொஞ்சம் இடம் விட்டுத் தர வேண்டும்.

"அவ வூட்டுப் படில நா ஏறணுமா?" என்றாள் கன்னியம்மா.

"அந்தம்மா மூஞ்சப் பாத்துகினு நா தெனம் ஏறி எறங்கணுமா?" என்றாள் ஸ்டெல்லா. நேராகக் கன்னியம்மாவிடம் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னாள். வெள்ளத்துக்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பேசியதே கிடையாது.

நான் இரண்டு பேரையும் பிடித்து ஒரு பாட்டு விடலாம் என்று வாயைத் திறந்தேன். சார் என் கையைத் தொட்டார். பையன்கள் சப்பரத்தைத் தோளில் வைத்தபடியே வேலிக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். சப்பரத்தைக் கீழே வைக்கக் கூடாது என்பது அவர்கள் பழக்கம், மாதா இல்லாவிட்டாலும். வியர்த்து ஊற்றிக்கொண்டு நின்றார்கள். கன்னியம்மா அவர்களையும், திறந்த கதவு வழியே தெரிந்த மைக்கேலின் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் பெரிய மகனிடம், "டேய், அந்தத் தட்டியப் புடுங்கு" என்றாள்.

ஸ்டெல்லா அசையவில்லை. உள்ளே இருந்து மைக்கேல் குரல் கொடுத்தார். "ஸ்டெல்லா, லோடு நேர் ரூட்லதான் போவும். நீயும் எடத்த வுட்டுக் குடு."

படிக்கட்டை இரண்டு வீட்டுச் சுவரிலும் ஒட்டாமல் தனித் தூண்களில் நிறுத்தினோம். ஒரு வீடு இறங்கினாலும் மற்றதை இழுக்காது. படியின் உயரத்தைக் குறைத்தோம், தூக்குகிறவன் காலால் தடவியே அடுத்த படியைக் கண்டுபிடிக்க வேண்டும். வழுக்காமல் இருக்க ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு படியிலும் கோடு கீறினோம். சிமென்ட் இறுகச் சாக்கு போட்டு நனைக்கிற வேலையைக் கன்னியம்மா எடுத்துக்கொண்டாள், காலையில் ஸ்டெல்லா மார்க்கெட்டுக்குப் போன பிறகு. சாயங்காலம் ஸ்டெல்லா வந்து மறுபடி நனைப்பாள். ஒருத்தியிடம் ஒருத்தி பேசாமலே அந்தப் படி நன்றாக இறுகியது.

குடி வந்தார்கள். பால் காய்ச்சினார்கள். நான் வேறு தெருவுக்குப் போய்விட்டேன். சில மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது பார்த்தால், படிக்கட்டின் அடியில் இரும்பு கிரில் கதவு. அதில் பூட்டு.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "யாரு வேலை இது?" என்று தெருவில் நின்று கத்தினேன்.

"எதுக்கு இப்ப கூவுற?" என்று கன்னியம்மா வந்தாள். "மாடில கருவாடு காயுது. பூனை வருது, பசங்க வருது, நடந்துகினே வாயில போட்டுகினு போவுதுங்க. பூட்டாம இன்னா பண்றது? தண்ணி வந்தா தொறக்க மாட்டேனா? சாவி எங்கிட்டதான கீது." இடுப்பில் முந்தானை முடிச்சைக் காட்டினாள்.

அவள் சொன்னதில் நியாயமும் இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். மொட்டை மாடி கிடைத்தால் அந்த ஊரில் யாரும் முதலில் கருவாடுதான் போடுவார்கள், போட்டால் பூட்டுவார்கள். வரைபடத்தில் அதை யார் வரைவது? வெல்டிங்காரனைக் கூப்பிட்டு அறுத்துவிடலாம் என்று சாரிடம் சொன்னேன்.

"அறுத்தா வேற போடுவாங்க ரோசி. நடந்து பாப்போம்" என்றார்.

மழைக்காலத்துக்கு முன்னால் ஒத்திகைக்கு ஒரு நாள் வைத்திருந்தோம். மைக்கேலை ஏற்றிப் பார்ப்பதற்கென்று ஒரு மர நாற்காலியின் இரண்டு பக்கமும் துடுப்பைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். சப்பரம் தூக்குகிற பையன்கள் தூக்கினார்கள். மைக்கேல் நல்ல கையை உயர்த்தி ஹார்பரில் கிரேனுக்குக் காட்டுகிற சைகை காட்டினார். உள்ளங்கையை மேலே அசைத்தால் தூக்கு, முஷ்டி மடக்கினால் நில். கதவுக்கு முன்னால் முஷ்டியை மடக்கினார். பூட்டியிருந்தது. கன்னியம்மா கருவாட்டுக் கூடையோடு கல்மண்டபம் போயிருந்தாள், மகன்கள் கடலில்.

"பரவால்லண்ணே, உள்ள போலாம்" என்றேன்.

"இன்னாத்துக்கு? தண்ணி வந்தா உள்ள போய்க் குந்துவனா?" என்றார். நாற்காலியைக் கதவுக்கு நேராக இறக்கச் சொன்னார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஸ்டெல்லா ஒரு துணியை நனைத்து அவர் தலையில் போட்டாள். சார் கீழ்ப்படியில் வெறுங்காலோடு உட்கார்ந்தார். வெயில் ஏறியது. நானும் நின்றேன், வேறென்ன செய்வது.

மதியத்துக்கு மேல் ஷேர் ஆட்டோவில் கன்னியம்மா வந்து இறங்கினாள். தெரு முனையிலேயே பார்த்துவிட்டாள். பூட்டிய கதவு, அதன் முன்னால் வியர்வையில் நனைந்து மைக்கேல், பக்கத்தில் ஸ்டெல்லா. கூடையை அங்கேயே போட்டுவிட்டு வேகமாக வந்து முந்தானையை அவிழ்த்துச் சாவியைப் போட்டாள். சாவி திரும்பவில்லை. கடல் காற்றில் துருப்பேறிக்கொண்டே வந்த பூட்டு அன்றைக்குப் பார்த்து இறுகிவிட்டது. திருகினாள், தட்டினாள். ஒரு கல்லை எடுத்து அடிக்க ஆரம்பித்தாள். அடிக்கும்போதே அழுதாள். "தண்ணி வந்திருந்தா... தண்ணி வந்திருந்தா இன்னா பண்ணியிருப்பேன்" என்று சொல்லிக்கொண்டே அடித்தாள். பூட்டு உடைந்து கீழே விழுந்தது.

மைக்கேல் உள்ளங்கையை மேலே அசைத்தார். பையன்கள் தூக்கினார்கள்.

பூனைக்கு வேறு வழி செய்தோம். மாடியில் சட்டம் அடித்து, பழைய வலையை இழுத்துக் கட்டிக் கருவாட்டை அதற்குள் போட்டோம். கதவு இருந்தது, பூட்டுக்குப் பதில் முழங்கையால் தள்ளினாலே திறக்கிற கொக்கி.

அதற்கடுத்த வருட மழைக்கு முன் சார் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். அந்த மழையில்தான் மறுபடி வந்தது. விடாத மழை, கூடவே கடல் ஏற்றம், முகத்துவாரம் தண்ணீரை வாங்கவில்லை. பழைய வெள்ளக் கோட்டையும், அதற்கு மேல் நாங்கள் உயர்த்திய ஒரு முழத்தையும் தாண்டி வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது. விடியற்காலையில் ஏறியது. ஸ்டெல்லா அப்போது காசிமேட்டில் இருந்தாள்.

போன் எதுவும் போகவில்லை. மறுநாள்தான் டிராக்டரில் தொற்றிக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தேன். தெருவில் முழங்காலளவு தண்ணீர். சுவர்கள் நின்றன. படியின் அடியில் கதவு அகலத் திறந்து கிடந்தது. மேலே ஏறினேன். தார்ப்பாய்க்குக் கீழே மைக்கேல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் கன்னியம்மாவின் சின்னப் பேத்தி. நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னா ரோசி, ஒத்திகைக்கு லேட்டா வர்ற?" என்றார் மைக்கேல். பிறகு அவரே சொன்னார். "கன்னியம்மா பசங்க ரெண்டு பேரும் முன்னாடி, எதிர்வூட்டுப் பசங்க பின்னாடி. விழுந்த கால் படில இடிக்குது, எனக்கு எங்க தெரியுது? இந்தம்மாதான் அந்தக் காலக் கட்டிப் புடிச்சுகினு பின்னாடியே ஏறிச்சு, மேல வர்றமுட்டும் வுடல."

கன்னியம்மா ஈரக் கருவாட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லா மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் டீ வைத்துக்கொண்டிருந்தாள். அவள் முந்தின நாள் மதியம்தான் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து சேர்ந்திருக்கிறாள்.

வேலை வேலைதானே. அடுத்த தடவைக்கு எங்கே மாற்ற வேண்டும் என்று தெரிய வேண்டும். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கன்னியம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "நேத்து எங்க ஓடுனீங்க?"

அவள் கருவாட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நா ஓடல" என்றாள். "பக்கத்து வூட்டுக்குப் போனேன்."

ஸ்டெல்லா டீயை இறக்கினாள். முதல் டம்ளரை எனக்கு நீட்டுவாள் என்று கையைக்கூட நீட்டிவிட்டேன். அவள் என்னைத் தாண்டிப் போய்க் கன்னியம்மாவிடம் நீட்டி, "யக்கா, புடி" என்றாள்.